ஓசை பிறக்குமிடம்

திருப்பூரில் குடியிருப்பவர்களுக்கு இரைச்சல் காதில் விழுவதில்லை. அது நின்றால்தான் உறைக்கும். எங்கள் தெருவில் மட்டும் வட்டப் பின்னல் இயந்திரங்கள் ஓடும் நிட்டிங் கூடம் ஒன்று, ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் படபடக்கும் ஜாப் ஒர்க் அறைகள் நான்கு, அட்டைப்பெட்டி செய்யும் கொட்டகை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இவை ஒவ்வொன்றாக அடங்கும்போது வீட்டில் இருப்பவர்கள் ஏதோ குறைகிறதே என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்துகொண்டு ஒரே ஒரு சத்தத்தைப் பற்றி எழுத வந்திருப்பது எங்களுக்கே சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தால் நாங்கள் ஒரு நல்ல மனிதரை இழக்க இருந்தோம். ஆகவே எழுதுகிறோம்.

நாங்கள் என்பது அண்ணன், தம்பி ஆகிய இருவரையும் சேர்த்து. மூத்தவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை. இளையவருக்குத் துணி ஏற்றி இறக்கும் தொழில். தொழில் என்று சொல்லிக்கொள்ள இருப்பது ஒரே ஒரு பிக்கப் வண்டி. அதுவும் இன்னொருவர் ஓட்டிய பழைய வண்டி. மூத்தவரின் சம்பளச் சான்றிதழைக் காட்டிக் கடன் வாங்கியதால் வண்டியில் இருவருக்கும் பங்குண்டு, மாதத் தவணையிலும் பங்குண்டு. ஓட்டுவதற்கு மங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வயது 55-ஐத் தாண்டியவர். எங்களைத் தம்பி என்பார். நாங்கள் அவரை அண்ணா என்போம். எங்களுக்குள் யார் அண்ணன் என்ற குழப்பம் வராதிருக்க இங்கே அவரை ஓட்டுநரண்ணன் என்று குறிப்பிடுகிறோம்.

*

ஒரு பனியன் கடைக்கு வந்து சேருமுன் எத்தனை முறை வண்டி ஏறி இறங்குகிறது என்பதை வெளியூர் நண்பர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நூல் மில்லிலிருந்து நிட்டிங்குக்கு வரும். அங்கே துணியாகி, ரோல் ரோலாகச் சுற்றப்பட்டுச் சாயப்பட்டறைக்குப் போகும். சாயமேறி உலர்ந்ததும் காம்பாக்டிங்குக்கு. பிறகு கட்டிங். அச்சிடவோ எம்பிராய்டரி போடவோ வேண்டுமானால் மறுபடி வெளியே. அதன்பின் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். சில பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கின்றன. மற்றவர்களுக்கு ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு கூரையின் கீழ் நடக்கிறது. கூரைக்கும் கூரைக்கும் இடையில் ஓடுபவை எங்கள் வண்டியைப் போன்ற சிறு வண்டிகள். 2011 ஜனவரி இறுதியில், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, பின்னல் இயந்திரமும் தையல் இயந்திரமும் பழுதின்றி இருந்தும் ஊர் தடுமாறி நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கோளாறு ஓரிடத்திலும் அதன் வலி வேறோர் இடத்திலும் இருக்கலாம் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்கு மட்டும் அது மறந்துபோயிற்று.

இந்தக் கூரைகள் இருக்கும் சந்துகளைப் பற்றியும் ஒரு சொல். முன்னும் பின்னுமாக நாலைந்து முறை அசைத்துத்தான் வண்டியை உள்ளே நுழைக்க முடியும். நின்ற நிலையில், முழுப் பாரத்தோடு, முன் சக்கரங்களைத் திருப்பவேண்டும். 2005-இல் டாடா ஏஸ் வந்து, குட்டி யானை என்று பெயர் வாங்கிச் சந்துகளில் புகுந்த நாட்களில் ஓட்டுநர்கள் தோள் வலிமையால்தான் அதைத் திருப்பினார்கள். அதைவிடப் பாரம் தாங்கும் பிக்கப் வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் வந்தது ஓட்டுநரின் தோளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை.

அதன் அமைப்பு எளியதுதான். இஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட் சிறிய பம்ப் ஒன்றைச் சுழற்றுகிறது. பம்ப் ஒரு சிறு டப்பாவிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, அழுத்தமேற்றி, தடித்த ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து தள்ளுகிறது. வேலை முடிந்த எண்ணெய் மறுபடி டப்பாவுக்கு வந்துவிடுகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் இதை இயக்கிக் காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் இது இடம்பெற 1951 வரை, கிறைஸ்லர் இம்பீரியல் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டார் உதவுகிறது. எங்களுடையது எண்ணெய் வண்டி. ஆகவே அதற்கு முனகத் தெரியும்.

*

மார்கழியில் ஒரு நாள் ஓட்டுநரண்ணன் சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஸ்டீயரிங்கு ஊளையிடுதுங்க. காலைல எடுத்தவுடனே உய்ய்ங்குன்னு ஆரம்பிக்குது. ஆக்சிலேட்டர் குடுத்தா கூடவே ஏறுது. ஒரு பத்து நிமிசம் ஓடுச்சுன்னா அடங்கிப் போயிருதுங்க."

நாங்கள் தலையாட்டினோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொன்னார். இம்முறை கூடுதலாக ஒன்று: "எண்ணெயும் ஒரு நெலையா இல்லீங்க. வண்டிய நிறுத்துனவுடனே பாத்தா ஏறி நிக்குது. மறுநா காலைல பாத்தா எறங்கிக் கெடக்குது. கீழ ஒரு சொட்டு ஒழுகலீங்க."

இதைக் கேட்டு நாங்கள் சிரித்துவிட்டோம். இளையவர், "எண்ணெய் எப்படிங்ண்ணா தானா ஏறும்? அது என்ன பாலா, பொங்கறதுக்கு?" என்றார். மூத்தவரும் சேர்ந்து சிரித்தார். அவர் பதில் சொல்லவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் அதிகாலை லோடைச் சற்றுத் தாமதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டிருந்தார். பனிக்குப் பயந்து வண்டிமேல் பழி போடுகிறார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருவர் சொல்வதை அதன் பொருளுக்காகக் கேட்காமல் அதன் நோக்கத்திற்காகக் கேட்கத் தொடங்கினால், பிறகு அவர் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

ஆயினும் வண்டியைப் பட்டறையில் காட்டினோம். எங்கள் வசதிக்கு ஏற்றபடி, லோடு இறக்கி முடித்த ஒரு பிற்பகலில். வண்டி காலையிலிருந்து ஓடிச் சூடேறி இருந்தது, சத்தம் இல்லை. பட்டறைக்காரர் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பி அழுத்திப் பிடித்தார். உர்ரென்று ஒரு சத்தம் வந்தது. "இதுதானுங்க. பம்பு போச்சு" என்றார். ஓட்டுநரண்ணன், "இந்தச் சத்தம் இல்லீங்க" என்றார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பம்பை மாற்றினார்கள். ஒரு மாதத் தவணைக்குச் சற்றுக் குறைவான தொகை போயிற்று.

பன்னிரண்டு நாட்கள் அமைதி. பதின்மூன்றாம் நாள் காலை மீண்டும் ஊளை. பட்டறைக்காரரிடம் போனோம். அவர் தம் வேலையைக் குறை சொல்லிக்கொள்வாரா? "டிரைவர் ஃபுல் லாக் போட்டு அமுக்கிப் புடிக்கறாருங்க. அப்படி ஓட்டுனா எந்தப் பம்பும் நிக்காது" என்றார். படித்தவர்களாகிய எங்களுக்கு அது மிகவும் பொருத்தமான விளக்கமாகப் பட்டது. அன்று மாலை நிட்டிங் வாசலில், ரோல் ஏற்றும் பையன்கள் நாலு பேர் நின்றுகொண்டிருக்கும்போதே, அதை ஓட்டுநரண்ணனிடம் சொன்னோம். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். சாவியைத் திண்ணையில் வைத்தார். "வரனுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

*

இளையவரே மூன்று வாரம் ஓட்டினார். ஊளை கூடியது. ஸ்டீயரிங் இடையிடையே கனத்தது. இனித் தாங்காது என்று, தாராபுரம் சாலையில் வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர். அவர் வண்டியின் பக்கமே போகவில்லை. ஸ்டூலைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார்.

"சத்தம் எப்படி வருது சார்? வாயால பண்ணிக் காட்டுங்க."

இரண்டு பேரும் விழித்தோம். மூத்தவர் பல ஆண்டுகளாகத் தொல்காப்பியப் பிறப்பியலை நடத்தி வருபவர். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி எட்டிடங்களில் எழுத்தொலிகள் பிறக்கும் முறையைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குபவர். அவருக்குத் தம் சொந்த வண்டியின் ஓசை எங்கே, எப்போது, எப்படிப் பிறக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. "ஒரு மாதிரி இரைச்சல்" என்றார். இளையவர் "உர்ர்" என்றார், தம்மையே நம்பாதவர் போல.

மெக்கானிக் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். ஸ்டீயரிங்கில் நாலு வகைச் சத்தம் உண்டு. கீச்சென்று எலி கத்துவது போல, ஸ்டார்ட் செய்ததும் அல்லது முழுதாகத் திருப்பும்போது கேட்டால் பெல்ட். அது தளர்ந்திருக்கும் அல்லது வழவழத்துப் போயிருக்கும். கடைசிவரை திருப்பிப் பிடிக்கும்போது உர்ரென்றோ புஸ்ஸென்றோ கேட்டால் அது கோளாறே அல்ல. எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் அழுத்தம் மீறும்போது ஒரு வால்வு திறந்து அதை விடுவிக்கிறது. நல்ல வண்டியும் அப்படிச் சத்தம் போடும்; அப்படியே நாலைந்து நொடிக்குமேல் பிடிக்காமல் இருந்தால் போதும். பள்ளத்தில் இறங்கும்போது டக்கென்று கேட்டால் அது எண்ணெய் விவகாரமில்லை, சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளில் தேய்மானம். நாலாவது, இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் உய்ங் சத்தம். எண்ணெய் குறைவாக இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெயில் காற்று கலந்திருக்கலாம்.

"நாலுல எதுன்னு நீங்க சொன்னாத்தான் நான் கை வைக்க முடியும். தினமும் ஓட்டுறது யாரு?"

ஓட்டியவர் நின்றுவிட்டார் என்று சொன்னோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அவரைக் கூட்டிட்டு வாங்க. வண்டி ராத்திரி இங்கயே நிக்கட்டும். காலைல நான் வர்றவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றார்.

தொல்காப்பிய உரியியல், கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கு சொற்களும் அரவம் என்னும் பொருள் தரும் என்கிறது. அவற்றுள் அழுங்கல் மட்டும் இரக்கம், கேடு என்ற பொருள்களையும் தரும் என்று உடனே சேர்த்துச் சொல்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த செய்தி. மங்கலத்திற்குப் போகும் வழியில்தான் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது.

*

அவர் வீட்டில் இருந்தார். வேறு வண்டி கிடைக்கவில்லை போலும், கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் மனைவி காபி கொடுத்தார். என்ன பேசுவது என்று நாங்கள் பல வாக்கியங்களை யோசித்துக்கொண்டு போயிருந்தோம். கடைசியில் சொன்னது, "அண்ணா, அந்தச் சத்தம் எப்படி வரும்னு மெக்கானிக் கேக்கறாருங்க. எங்களுக்குச் சொல்லத் தெரியலீங்க" என்பது மட்டுமே. அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். "காலைல எத்தன மணிக்குங்க?" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்குப் பனி விலகாத வேளையில் கொட்டகைக்கு முன்னால் நின்றோம். மெக்கானிக் அதே கேள்வியைக் கேட்டார். ஓட்டுநரண்ணன் கண்ணை லேசாக மூடிக்கொண்டு, மூக்கின் வழியாக, அடித்தொண்டையில் தொடங்கி மேலேறும் ஓர் ஊளையை எழுப்பினார். பக்கத்தில் பால் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். இன்ன நேரத்தில் வரும், இன்ன நேரத்தில் நிற்கும், எண்ணெய் ஏறும், இறங்கும், கீழே ஒழுகாது என்று எங்களிடம் சொன்னதையெல்லாம் ஒரு சொல் மாறாமல் சொன்னார். மெக்கானிக் முகம் மலர்ந்தது. "எண்ணெய் ஏறுதுன்னு சொன்னீங்களே, அது ஒண்ணு போதுங்கய்யா" என்றார்.

பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். அதே ஊளை. முதலில் பெல்ட்டின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். சத்தம் மாறவில்லை, ஆகவே பெல்ட் இல்லை. டப்பா மூடியைத் திறந்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் ரோஜா நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையைப் பம்பின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். 1816-இல் பாரிசில் லென்னெக் என்ற மருத்துவர், நோயாளியின் மார்பில் ஒரு காகிதச் சுருளை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம் என்பார்கள். அந்தக் கருவி இங்கே நட்டுப்போல்ட்டுகளுக்கிடையே கிடந்தது. "பம்பு உள்ள கரகரப்பு இல்ல. பம்பு நல்லாத்தான் இருக்கு. காத்தைக் குடிக்குது, அதான் கத்துது" என்றார்.

காற்று எங்கிருந்து? எண்ணெய் ஒழுகினால்தானே ஓட்டை இருக்கும் என்று கேட்டோம். இந்த இடத்தில் அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. பம்ப்புக்கு அப்பால் எண்ணெய் அழுத்தத்தில் இருக்கிறது. அங்கே விரிசல் விழுந்தால் எண்ணெய் வெளியே பீய்ச்சும், எவரும் காணலாம். டப்பாவுக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ள சிறிய ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அந்தப் பக்கத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளியே தடயமே இருக்காது. குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் பம்ப் பலமாக உறிஞ்ச வேண்டும், ரப்பரும் விறைத்திருக்கும். சூடேறியதும் எண்ணெய் இளகும், ரப்பரும் இளகிப் பொருந்திக்கொள்ளும், சத்தம் அடங்கும். ஓடும்போது எண்ணெய்க்குள் நசுங்கி இருக்கும் குமிழிகள் இஞ்சினை நிறுத்தியதும் விரிகின்றன. அதனால் எண்ணெய் மட்டம் உயர்கிறது. இரவில் குமிழிகள் வெளியேறிவிட, காலையில் மட்டம் இறங்கி நிற்கிறது.

அதாவது, எண்ணெய் பொங்கத்தான் செய்தது.

உறுதி செய்வதற்கு அவர் செய்தது மிகச் சிறிய காரியம். வண்டி ஊளையிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஹோஸ் பம்ப்போடு சேரும் இடத்தில், கிளிப்பைச் சுற்றி, அதே எண்ணெயைச் சில சொட்டு விட்டார். ஊளை சட்டென்று தாழ்ந்தது. நாலைந்து நொடி. எண்ணெயையும் உள்ளே இழுத்துக்கொண்டபின் மறுபடி எழுந்தது. ஹோஸைக் கழற்றிக் காட்டினார். ரப்பர் கல்லாக இறுகி, கிளிப் அழுத்திய இடத்தில் நகத்தால் கீறியது போல் வெடிப்புகள். முந்தைய பட்டறையில் புதுப் பம்பைப் போட்டுவிட்டு, அந்தப் பழைய ஹோஸையே மாட்டியிருக்கிறார்கள். கிளிப்பைப் புதிதாக இறுக்கிய வேகத்தில் பன்னிரண்டு நாள் தாங்கியிருக்கிறது.

புது ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு லிட்டர் எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து பம்ப்புக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, இஞ்சினை இயக்காமல் ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்குமாக மெதுவாக இருபது முறை திருப்பி, எண்ணெயில் இருந்த காற்றை வெளியேற்றினார்கள். திருப்பியது ஓட்டுநரண்ணன். கடைசி வரை போய், அழுத்தாமல், ஒரு விரல் தள்ளியே ஒவ்வொரு முறையும் அவர் கை நின்றதை இளையவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபுல் லாக் போட்டு அமுக்கிப் பிடிக்கிறவரின் கை அல்ல அது.

*

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில், நோயை அறிந்து அதன் காரணத்தையும் அறியவேண்டும் என்று கூறும் குறளை எல்லோரும் அறிவர். அதற்கு அடுத்த குறளை வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு ஆகியவற்றோடு காலத்தையும் கருத வேண்டும் என்கிறார் வள்ளுவர். நாங்கள் காலத்தைக் கருதவில்லை. காலை நோயை மாலையில் காட்டினோம். அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவனையும் அதே வரிசையில் வைக்கிறது. இரவும் பகலும் அருகிருந்து பார்ப்பவனுக்குத் தெரிந்தது மருத்துவனுக்கும் தெரியாது என்பதால்தான் போலும். அந்த நான்காமவரைத்தான் நாங்கள் நிட்டிங் வாசலில் வைத்து அவமானப்படுத்தினோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் தந்தையார் பல்லடம் பக்கத்தில் விசைத்தறியில் பல ஆண்டுகள் நின்றவர். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கங்கறதுதான் தெரியல" என்பார். கேட்டால் முழுதாகக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் முழுதாகக் கேட்காதிருக்க வேண்டும், இது என்ன நடுவில் என்று நாங்கள் நினைத்தோம். வேண்டியது மட்டும் காதில் விழுகிறது என்று வீட்டில் கேலி செய்தோம். இரைச்சலால் போகும் செவித்திறன் பெரும்பாலும் உச்ச அதிர்வெண்களில், 4,000 ஹெர்ட்ஸ் அளவில், முதலில் தேயும் என்பதைப் பின்னாளில் படித்தோம். உயிரொலிகள் கேட்கும்; சகரம் போன்ற மெல்லிய உரசொலிகள் நழுவிவிடும். சொல்லின் உடல் காதில் விழும், அதன் ஓரங்கள் விழா. தந்தையார் சொன்னது துல்லியமான நோய்க்குறிப்பு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு உண்டு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், இருந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் இவை எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரியாமற் போனது குற்றமில்லை. அவர் சொன்னதை நம்பாமற் போனதுதான் உறுத்துகிறது. எண்ணெய் ஏறி இறங்குகிறது என்று சொன்னவரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்புத்தான் அதுவும்.

பிறப்பியலின் முடிவில் தொல்காப்பியர் ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறார். உள்ளே எழும் காற்றின் இசையை அளந்து கூறுவது மறையோர் நூலுக்கு உரியது. தாம் சொல்வது புறத்தே வந்து இசைக்கும் ஒலியின் அளவை மட்டுமே என்கிறார். இலக்கணம் எழுதுபவருக்கு அந்த எல்லை போதும். கூட இருக்கும் மனிதர்களோடு வாழ்பவர்களுக்குப் போதாது என்று இப்போது தோன்றுகிறது.

*

அன்று காலை எட்டு மணிக்கு வேலை முடிந்தது. வேப்பமரத்தடியில் தேநீர் குடித்தோம். மூத்தவர்தான் தொடங்கினார். "அண்ணா, நாங்க அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. தப்பு எங்க மேலதானுங்க." ஓட்டுநரண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "ஓட்டறவனத்தானுங்க தம்பி மொதல்ல சொல்லுவாங்க. பழகிப்போச்சு" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பழகிப்போச்சு என்ற சொல் எங்களுக்கு வசையைவிடக் கடுமையாக இருந்தது. திரும்பி வரும்போது இளையவர் நிட்டிங் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அதே நாலு பையன்களைக் கூப்பிட்டு, பம்பில் கோளாறில்லை, ஹோஸ்தான் காரணம், அண்ணன் முதல் நாளே சரியாகச் சொல்லியிருந்தார் என்றார். பையன்கள் எதற்கு இதை நம்மிடம் சொல்கிறார்கள் என்பது போலப் பார்த்துவிட்டு ரோல் ஏற்றப் போய்விட்டார்கள். ஓட்டுநரண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் வேலைக்கு வருகிறார். அதிகாலை லோடை ஆறரை மணிக்கு மாற்றிவிட்டோம். கம்பெனிக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் இதுவரை கேட்டிருக்கவில்லை. மாலையில் சாவி கொடுக்கும்போது வண்டியைப் பற்றி அவர் சொல்வதை இளையவர் ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதி வைக்கிறார். சென்ற செவ்வாய்க்கிழமைக் குறிப்பு இது: "நொய்யல் பாலம் தாண்டிப் பள்ளத்தில் இடப்பக்கம் டக். ஒரு தடவைதான். லோடு இருந்தால் மட்டும்." ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் சாலைக்குப் போகவேண்டும். லோடு ஏற்றிக்கொண்டே போகலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.